கணக்குக் கற்ற கரையூர்கள்

வேலை நின்றுபோகும் காலங்களில் ஒரு குடும்பத்தை விட்டு முதலில் வெளியேறுவது எது? பணம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் பணத்துக்கு முன்பே பேச்சு வெளியேறிவிடுகிறது. கடன்பட்டவர் அண்டை வீட்டாரோடு பேசக் கூசுகிறார். வேலை இழந்தவர் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் நில்லாமல் வீட்டுக்கு விரைகிறார். கணவனின் கடன் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரிவதில்லை. தாயின் தாலிச் சங்கிலி எந்தக் கடையில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு வீடும் கதவை அடைத்துக்கொண்டு தன் இழப்பைத் தனியே எண்ணிப் பார்க்கிறது. 2008-ஆம் ஆண்டின் உலகப் பொருளாதாரச் சரிவிலும், 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலும் இதனை நாம் நம் பங்குகளிலேயே கண்டோம்.

இத்தகைய காலங்களில் எளியோருக்கு இரண்டே அறிவுரைகள் வழங்கப்படுவது வழக்கம். ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது. மற்றொன்று, ஊரை விட்டுப் பிழைக்கப் போங்கள் என்பது. இவ்விரண்டையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் களைத்துப்போன ஒரு கடற்கரை மக்கள், மூன்றாவது வழி ஒன்றைத் தாங்களே கண்டார்கள். 1930-களின் கொடிய பொருளாதார மந்தத்தின் நடுவே அவர்கள் ஒன்றாக அமர்ந்து தங்கள் வரவு செலவைப் படித்தார்கள். அந்தப் படிப்பிலிருந்து ஆலைகளும், சேமிப்புச் சங்கங்களும், வீடுகளும் எழுந்தன. அவர்களுடைய வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை. கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

கடல் இருந்தது, காசு இல்லை

கனடா நாட்டின் கிழக்கு விளிம்பில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் மாநிலம் நோவா ஸ்கோஷியா. அதன் கிழக்குப் பகுதியும் கேப் பிரெட்டன் தீவும் சேர்ந்தது ஆன்டிகோனிஷ் மறைமாவட்டம். ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், பிரெஞ்சு பேசும் அக்கேடியர், அயர்லாந்து மரபினர் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். மீன்பிடித்தல், சிறு உழவு, நிலக்கரிச் சுரங்கம் ஆகிய மூன்றே அவர்களுடைய பிழைப்பு.

1929-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்ததையே உலகப் பெருமந்தத்தின் தொடக்கமாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இந்த மக்களுக்கோ மந்தம் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே வந்துவிட்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் மீன் விலை சரிந்தது. நிலக்கரிக்கும் எஃகுக்கும் இருந்த தேவை சுருங்கியது. 1920-களில் மட்டும் கனடாவின் மூன்று கடலோர மாநிலங்களை விட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். அவர்களில் பலர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை நாடிச் சென்றார்கள். எஞ்சியவர்கள் முதியோரும், கடனை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாதவர்களும்.

அந்தக் கடன் எப்படி இயங்கியது என்பதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். இளவேனிலில் மீனவர் கடலுக்குப் போகுமுன் வலை நூல், உப்பு, கயிறு, வீட்டுக்கு மாவு, தேயிலை அனைத்தையும் கரையில் இருந்த வணிகரிடம் கடனாகப் பெற்றார். அவற்றின் விலையை வணிகரே குறித்தார். பருவம் முடிந்து மீனைக் கொண்டுவந்தபோது அதனை அதே வணிகரிடமே ஒப்படைத்தாக வேண்டும். அந்த விலையையும் வணிகரே குறித்தார். கடன் கழிந்தது போக மீதி இருந்தால் அதுவும் பெரும்பாலும் சரக்காகவே வந்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்தும் கையில் நாணயத்தைக் காணாத குடும்பங்கள் இருந்தன. முன்பணம் வாங்கிய தரகரிடமே மீனைக் கொடுத்தாக வேண்டிய நிலையை அறிந்த நம் கடற்கரை வாசகர்களுக்கு இதனை விளக்கவே தேவையில்லை.

கேப் பிரெட்டன் சுரங்க ஊர்களிலும் இதே கதைதான் வேறு உடையில் நடந்தது. வீடு நிறுவனத்துடையது, கடையும் நிறுவனத்துடையது. வாடகையும் கடைப் பாக்கியும் கூலியில் பிடிக்கப்பட்டன. 1925-ஆம் ஆண்டு ஊதியத் தகராறு முற்றியபோது நிறுவனம் தன் கடைகளில் தொழிலாளருக்குக் கடன் தருவதை நிறுத்தியது. வேலைநிறுத்தம் வெடித்தது. அவ்வாண்டு ஜூன் 11 அன்று நியூ வாட்டர்ஃபோர்டு என்னும் ஊரில் நிறுவனக் காவலர் சுட்டதில் வில்லியம் டேவிஸ் என்ற சுரங்கத் தொழிலாளி உயிரிழந்தார். அதன்பின் நிறுவனக் கடைகள் சூறையாடப்பட்டன. ஒரு மனிதனின் வேலையும், அவன் வீட்டு அடுப்பும், அவன் கடன் ஏடும் ஒரே கையில் இருந்தால் அவன் வாய் திறக்க முடியாது என்பதை அம்மக்கள் இரத்தம் சிந்திக் கற்றார்கள்.

இடம் மாற்றப்பட்ட ஒரு குரு

ஆன்டிகோனிஷ் நகரில் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் முத்துக்குளித்துறையில் மீனவரோடு நடந்த அதே சவேரியாரின் பெயர்தான். அதன் துணைத் தலைவராக இருந்தவர் அருட்தந்தை ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ். மக்கள் அவரை 'ஜிம்மி சாமியார்' என்றே அழைத்தார்கள். மெலிந்த சிறு உருவம், ஓயாத கேள்விகள். கல்வி என்பது ஊரை விட்டுத் தப்பி ஓடுவதற்கான சீட்டாக மட்டும் இருப்பது அவருக்கு உறுத்தியது. கல்லூரிக்கு வர முடியாத மக்களிடம் கல்லூரி போக வேண்டும் என்று 1921-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டு வாதிட்டார். அதே ஆண்டு பல்கலைக்கழகத்தில் 'மக்கள் பள்ளி' தொடங்கியது. ஏறத்தாழ ஐம்பது பேர், பெரும்பாலும் உழவர்கள், சில வாரங்கள் வந்து தங்கிப் படித்தார்கள்.

அடுத்த ஆண்டு, கடலோர மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஒருங்கிணைக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. டாம்ப்கின்ஸ் அதனை ஆதரித்தார். ஆயர் ஜேம்ஸ் மாரிசன் எதிர்த்தார். 1922-ஆம் ஆண்டு இறுதியில் டாம்ப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, கான்சோ என்ற வறிய மீனவத் துறைமுகத்துக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். வயது ஐம்பதைத் தாண்டிய கல்வியாளருக்கு அது ஒரு நாடுகடத்தல் போன்றதே. ஆனால் கான்சோவில்தான் அவர் தம் மாணவர்களைக் கண்டார். படகுத்துறையில் நின்று மீனவரோடு பேசினார். கையில் துண்டுநூல்களைத் திணித்தார். இந்த மீனுக்குப் பாஸ்டனில் என்ன விலை, உனக்குக் கிடைப்பது என்ன, நடுவில் இருப்பது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடையை அவர் சொல்லவில்லை. தேடிப் பார்க்கச் சொன்னார்.

1927-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கனடா தன் கூட்டாட்சியின் 60-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. கான்சோ மீனவர்கள் அன்று கூடி, தாங்கள் கொண்டாடுவதற்கு ஒன்றுமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். மறைமாவட்டத்தின் குருக்கள் பலர் அவர்களுக்குத் துணை நின்றனர். செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டில் மைய அரசு, நீதிபதி மக்லீன் தலைமையில் மீன்பிடித் தொழில் குறித்து ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. இழுவைக் கப்பல்களால் சிறு மீனவருக்கு நேர்ந்த கேடும், மீனவர் கூட்டுறவாக அமைய வேண்டிய தேவையும் அந்த ஆணையத்தின் முன் வைக்கப்பட்டன. வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்த வறுமை முதல் முறையாகத் தெருவுக்கு வந்து பேசியது.

சமையலறை மேசையில் ஒரு பல்கலைக்கழகம்

1928-இல் பல்கலைக்கழகம் ஒரு விரிவாக்கத் துறையை நிறுவியது. அதன் இயக்குநராக அருட்தந்தை மோசஸ் கோடி அமர்த்தப்பட்டார். இவர் டாம்ப்கின்ஸின் உறவினர். இருவரும் மார்கரீ பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள். கோடி நெடிய உருவமும் கணீரென்ற குரலும் உடையவர். அவர் வேலையில் இறங்கிய நேரம் உலகமே சரிந்துகொண்டிருந்த நேரம். 1933-ஆம் ஆண்டளவில் கனடாவில் உழைக்கும் வயதினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. இத்தகைய வேளையில் படிப்புக்கு அழைப்பு விடுப்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். பசித்தவனுக்குப் பாடமா என்று கேட்கலாம். கோடி இதற்கு வைத்த முறை எளியது.

முதலில் ஊர்ப் பொதுக்கூட்டம். அதில் கோடி ஊராரின் நிலையை ஒளிவுமறைவின்றி எடுத்துச் சொல்வார். கூட்டம் கலையுமுன் அருகருகே வாழும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு படிப்பு வட்டத்தை அமைப்பார்கள். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் கூடுவார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து துண்டுநூல்கள் வரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவார். பிறகு கேள்விகள். நம் ஊருக்கு ஆண்டுக்கு எவ்வளவு மாவு வருகிறது? அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம்? கடனுக்கு எவ்வளவு வட்டி? நம் மீன் எங்கே போகிறது? மாதம் ஒருமுறை பல வட்டங்கள் ஒன்றாகக் கூடித் தாங்கள் கண்டவற்றை ஒப்பிடும்.

இதன் பொருளை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே யாரும் பணம் கேட்கவில்லை. யாரும் பணம் தரவுமில்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே மறைத்து வைத்திருந்த கடன் ஏட்டை மேசைமேல் வைத்தார்கள். அப்போதுதான் அது தம் சோம்பலால் வந்த அவமானம் அன்று, எல்லோருக்கும் பொதுவான ஓர் ஏற்பாட்டின் விளைவு என்பதைக் கண்டார்கள். வெட்கம் விலகிய இடத்தில் அறிவு நுழைந்தது. 1930-களின் இறுதியில் இத்தகைய வட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன.

இந்த வட்டங்களில் பெண்களின் பங்கு பெரிது. புனித மார்த்தா சபைச் சகோதரியர் விரிவாக்கத் துறையில் பணியாற்றி, பெண்களுக்கென வட்டங்களை அமைத்தார்கள். உணவு, உடல்நலம், நெசவு, வீட்டுச் செலவு ஆகியவை அங்கே பாடங்களாயின. வீட்டில் ஒவ்வொரு செம்புக் காசும் எங்கே போகிறது என்பதை அறிந்தவர்கள் பெண்களே அல்லவா? அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் வரவு செலவு பாதிக் கணக்கே.

லிட்டில் டோவரின் ஆலை

கான்சோவுக்கு அருகில் லிட்டில் டோவர் என்று ஒரு சிற்றூர். மண் இல்லாத பாறை நிலம். ஊர் முழுதும் வறுமை. டாம்ப்கின்ஸ் அங்கு அடிக்கடி நடந்து சென்றார். அவ்வூரார் படித்து, பேசி, கணக்கிட்டு, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாங்கள் பிடிக்கும் சிங்கி இறாலைத் தாங்களே டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். முதல் இல்லை. ஆனால் காடு இருந்தது, கைகள் இருந்தன, குளிர்காலத்தில் வேலையற்ற நாள்கள் இருந்தன. மரத்தைத் தாங்களே வெட்டி இழுத்து வந்து, ஆலைக் கட்டடத்தைத் தாங்களே எழுப்பினார்கள். உழைப்பால் செய்ய இயலாத இயந்திரத்துக்கும் சரக்குக்கும் மட்டுமே சிறு கடன் பெற்றார்கள். அக்கடனும் அடைந்தது. மிக வறிய ஊர் என்று பெயர் பெற்ற இடமே பிற ஊர்களுக்கு எடுத்துக்காட்டாயிற்று.

வேறு சில துறைகளின் மீனவர்கள், உயிருள்ள சிங்கி இறாலைப் பெட்டியில் அடைத்து இடைத்தரகர் இன்றிப் பாஸ்டன் சந்தைக்கு நேராக அனுப்பிப் பார்த்தார்கள். கப்பல் கட்டணம் போகக் கைக்கு வந்த தொகை, கரையில் கிடைத்ததைவிடப் பல மடங்கு இருந்தது. ஓர் ஊரில் ஒரு பெட்டிக்கு வந்த காசோலை, பல ஊர்களின் பேச்சாயிற்று. இதற்கிடையே, அரசின் கேட்டுக்கொள்ளலின்படி கோடி கடலோரமெங்கும் பயணம் செய்து மீனவரை ஒன்றுதிரட்டினார். 1930-இல் ஹாலிஃபாக்ஸில் கடலோர மாநிலங்களின் ஒன்றுபட்ட மீனவர் அமைப்பு உருவாயிற்று.

பத்து காசில் தொடங்கிய வங்கி

மீனவர் எவ்வளவு கற்றாலும் இளவேனிலில் வலை நூல் வாங்க வணிகரிடம் போக நேர்ந்தால் பழைய வட்டம் மீண்டும் தொடங்கிவிடும். ஆகவே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கடன் ஊற்று தேவைப்பட்டது. அதற்கான வழி வேறு இடத்தில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது.

ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற ஊர்த்தலைவர் 1846-47 பஞ்சத்தின்போது ஏழைகளுக்கு உணவளிக்கச் சங்கம் அமைத்தார். அந்த அனுபவத்திலிருந்து பின்னர் கிராமக் கடன் சங்கங்களை உருவாக்கினார். அவர் புரோட்டஸ்டன்டு திருச்சபையைச் சேர்ந்தவர். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அல்போன்ஸ் தெஜார்டேன் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர், நாடாளுமன்றத்தில் நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்கும் பணியில் இருந்தார். 1897-இல் அங்கு ஓர் உறுப்பினர், மாண்ட்ரியல் நகரில் 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர் வட்டியாக 5,000 டாலர் கட்ட நேர்ந்ததை எடுத்துரைத்தார். அது தெஜார்டேனின் உள்ளத்தைத் தைத்தது. ஐரோப்பியச் சங்கங்களைக் குறித்துக் கடிதங்கள் எழுதிக் கற்றார். 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 6 அன்று தம் ஊரான லெவியில் மக்கள் சேமிப்பகம் ஒன்றை நிறுவினார். 1901 ஜனவரி 23 அன்று அது பணம் பெறத் தொடங்கியபோது முதல் சேமிப்பு 10 சென்டு. அன்றைய மொத்த வரவு 26 டாலர் 40 சென்டு. அவரும் அவர் மனைவி டோரிமேனும் தம் வீட்டிலேயே அதனை நடத்தினார்கள்.

இவ்வழி பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, அங்கிருந்து நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தது. 1932-இல் அம்மாநிலச் சட்டமன்றம் கடன் சங்கங்களுக்கான சட்டத்தை இயற்றியது. மந்தம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் கேப் பிரெட்டனில் ஊர் ஊராகச் சங்கங்கள் தோன்றின. அவற்றின் இயக்கம் எளிது. ஒரே பங்கையோ ஒரே தொழிலையோ சார்ந்த, ஒருவரை ஒருவர் அறிந்த மக்களே உறுப்பினர்கள். வாரந்தோறும் தம்மால் இயன்ற சில காசுகளைச் சேமிக்கிறார்கள். அந்தத் தொகையிலிருந்தே உறுப்பினருக்குக் குறைந்த வட்டியில் கடன். கடன் பெறுபவரின் நாணயமே முதல் ஈடு. பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு. கணக்கு ஏடு எல்லோர் முன்னும் திறந்திருக்கும்.

இந்த ஊற்றின் மற்றொரு கிளை நம் நாட்டை நோக்கியும் ஓடியது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, உழவரின் கடன் சுமையை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் வெளியிட்ட அறிக்கைகளில் ரைஃபைசனின் வழியையே பரிந்துரைத்தார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியது. எனவே நோவா ஸ்கோஷியாவின் கதை நமக்கு முற்றிலும் அயலான கதை அன்று; ஒரே வேரில் கிளைத்த மற்றொரு மரத்தின் கதை.

அட்டையில் கட்டிய வீடுகள்

1935-இல் டாம்ப்கின்ஸ், கேப் பிரெட்டனில் ரிசர்வ் மைன்ஸ் என்ற நிலக்கரி ஊருக்குப் பங்குத்தந்தையாக வந்தார். வந்தவுடன் அவர் செய்த வேலைகளில் ஒன்று, தம் பங்கு இல்லத்தின் முன்னறையை ஊர் நூலகமாக்கியது. சுரங்கத் தொழிலாளர் பலர் நிறுவனத்தின் பழைய வீடுகளில் நெருக்கடியில் வாழ்ந்தனர். அவர்களில் சிலர் தமக்கெனச் சொந்த வீடு கட்ட விரும்பிப் படிப்பு வட்டம் அமைத்தார்கள். 1937-இல் மேரி எலிகாட் ஆர்னால்டு என்ற அமெரிக்கக் கூட்டுறவு அறிஞர் அவர்களுக்குத் துணையாக வந்து சேர்ந்தார்.

அவர்கள் முதலில் மண்வெட்டியைத் தொடவில்லை. மாதக்கணக்கில் படித்தார்கள். வீடு கட்டும் முறை, கடனின் தவணை, வட்டி, வரி, காப்பீடு அனைத்தையும் கற்றார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டின் மாதிரியை அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தது. சமையலறையும் சன்னலும் எங்கே அமைய வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். அட்டையில் திருத்துவதற்குக் காசு வேண்டியதில்லை. சுவர் எழுந்தபின் திருத்துவதற்கு வேண்டும். மாநில வீட்டுவசதி ஆணையத்தின் கடனுக்கு அவர்கள் தம் பங்காக ஈட வேண்டிய தொகையின் பெரும் பகுதியைத் தங்கள் உடலுழைப்பாகவே ஈட்டினார்கள். சுரங்க வேலை முடிந்து கரி படிந்த முகத்தோடு வந்து அடித்தளம் தோண்டினார்கள். 1938-இல் பதினொரு வீடுகள் எழுந்து நின்றன. அந்தக் குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயரிட்டார்கள். அது அம்மாநிலத்தின் முதல் கூட்டுறவுக் குடியிருப்பு ஆகும்.

வரலாற்றின் மறுபக்கம்

இதனை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் நாம் வரலாற்றுக்கு நேர்மை செய்தவர்கள் ஆகோம். இந்த இயக்கம் பெருமந்தத்தை நீக்கிவிடவில்லை. உலகச் சந்தை சரிந்தபோது கூட்டுறவு ஆலையின் சரக்கும் விலை சரிந்தது. போர்க்காலத்திலும் அதன் பின்னும் இளைஞர் வெளியேறுவது நிற்கவில்லை. ஆலைகள் பெரிதாகியபோது மேலாளர்கள் வந்தார்கள். படிப்பு வட்டங்கள் குறைந்தன. உறுப்பினர் பலர் தங்கள் சங்கத்தைத் தங்களுடையது என்று உணராமல், பொருள் வாங்கும் இன்னொரு கடையாகவே பார்க்கத் தொடங்கினர். 1930-இல் பிறந்த ஒன்றுபட்ட மீனவர் அமைப்பு 1988-இல் நொடித்தது. 1992 தொடங்கி, மீன்வளம் அழிந்ததால் கிழக்குக் கனடாவில் காட் மீன் பிடிப்பு பெரும்பகுதி தடைசெய்யப்பட்டது. படிப்பு நின்ற இடத்தில் கூட்டுறவு தளர்ந்தது என்பதும், கடலைக் காக்காமல் கடலோரத்தைக் காக்க முடியாது என்பதும் இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள்.

எனினும் அழியாமல் நின்றவை உண்டு. கடன் சங்கங்கள் பல ஒன்றிணைந்து இன்றும் இயங்குகின்றன. கோடி 1959-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மறைந்தார். அதே ஆண்டு ஆன்டிகோனிஷில் அவர் பெயரால் ஒரு பன்னாட்டு நிலையம் நிறுவப்பட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து குருக்களும், துறவியரும், பொதுநிலையினரும் அங்கு சென்று கற்றுத் திரும்பினார்கள். இந்தியாவிலிருந்து சென்றவர்களும் அவர்களில் பலர்.

திருச்சபையின் போதனைக்கும் இந்த வரலாற்றுக்கும் உள்ள உறவு கவனிக்கத்தக்கது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலும், 11-ஆம் பத்திநாதர் 1931-இலும் தொழிலாளரின் உரிமை குறித்துச் சுற்றுமடல்கள் எழுதினார்கள். அந்தப் போதனையை ஆன்டிகோனிஷ் குருக்கள் மறையுரையோடு நிறுத்திவிடாமல் வலை நூலின் விலைவரை கொண்டுசென்றார்கள். அதே வேளை தங்கள் சங்கங்களைக் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியவையாக அமைக்கவில்லை. பசி எந்தச் சபையையும் பார்த்து வருவதில்லை என்பதால், பிற சபைக் கிறிஸ்தவர்களும் அவற்றில் சம உறுப்பினர்களாயினர்.

நம் மேசையில் என்ன இருக்கிறது?

பாலைநிலத்தில் பசித்திருந்த கூட்டத்துக்கு உணவளிக்குமுன், உங்களிடம் எத்தனை அப்பங்கள் உள்ளன என்று ஆண்டவர் சீடர்களைக் கேட்டுப் பார்த்துவரச் சொன்னதை மாற்கு நற்செய்தியாளர் குறிக்கிறார். அந்தக் கேள்வியை நாம் விரைவாகக் கடந்து புதுமைக்குப் போய்விடுகிறோம். ஐந்து அப்பம், இரண்டு மீன் என்று எண்ணிப் பார்த்த பின்னரே அங்கு பகிர்வு தொடங்கியது. எண்ணிப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு அன்று. அது நம்பிக்கையின் முதல் செயல்.

நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் திட்டம் தமிழகமெங்கும் பரவி, வாரச் சேமிப்பை எண்ணற்ற இல்லங்களுக்குப் பழக்கப்படுத்தியது. ஆனால் பல இடங்களில் குழு என்பது கடன் வாங்குவதற்கான வரிசையாகச் சுருங்கிவிட்டதை நாம் காண்கிறோம். ஒரு குழுவின் தவணையைக் கட்ட மற்றொரு குழுவில் கடன் வாங்கும் சகோதரிகளும் உண்டு. இன்னொரு புறம், பெருவட்டி தருவதாக ஆசைகாட்டிய நிதி நிறுவனங்களில் ஓய்வூதியத்தை இழந்த முதியவர்கள் உண்டு. வெளிநாட்டு வேலை போய்த் திரும்பி வந்து, அதனை உறவினருக்கும் சொல்லாமல் மறைத்து வாழும் இளைஞர்கள் உண்டு. இவர்கள் எல்லோரும் ஒரே ஆலயத்தில், ஒரே வரிசையில், ஒருவர் நிலையை மற்றவர் அறியாமல் முழந்தாளிட்டிருக்கிறார்கள்.

இவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்? லிட்டில் டோவர் மக்களிடம் நம்மிடம் இருப்பதைவிட அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த அன்பியக் கூட்டத்தில் செபமும் வாசகமும் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கலாம். நம் தெருவில் எத்தனை வீடுகள் வட்டி கட்டுகின்றன, எவ்வளவு வட்டி, எதற்காகக் கடன், நம்மிடையே யாருக்கு என்ன தொழில் தெரியும், யாருக்கு வேலை வேண்டும் என்று, எவர் பெயரையும் இழிவுபடுத்தாமல் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். கணக்குத் தெரிந்த ஆசிரியரும், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவரும் நம் பங்குகளில் இல்லாமல் இல்லை. முதல் மாதம் அந்தத் தாள் நமக்கு வருத்தம் தரும். இரண்டாம் மாதம் கேள்விகள் தரும். மூன்றாம் மாதம் யாரேனும் ஒருவர், இதனை நாமே செய்யலாமே என்பார்.

கான்சோவில் அப்படித்தான் தொடங்கியது. ஒரு கேள்வி, ஒரு தாள், ஒரு சமையலறை மேசை. நம் வீடுகளிலும் மேசைகள் இருக்கின்றன. மேசை இல்லாத வீட்டில் பாய் இருக்கிறது.